ஐஸ் பெட்டிக்குள் நாலு இத்தாலிக்காரர்

குருநகரில் கூறியான் அண்ணைக்குத் தெரியாமல் ஒரு மீன்கூடச் செத்ததில்லை. எந்த வலையில் பட்டது, எத்தனை மணிக்குக் கடைசி மூச்சை விட்டது, சாகும்போது என்ன மனநிலையில் இருந்தது என்பதுவரை செவுளைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

காலையில் கரைக்கு வரும் மீனைக் குவித்துவைத்துக் கூவி ஏலம் போடுவது அவருடைய தொழில். அதற்குக் கூறுதல் என்று பெயர்; செய்கிறவர் கூறியான். ஞானஸ்நானப் பெயர் ஒன்று அவருக்கு இல்லாமல் இருக்காது. ஆனால் அது பங்குச் சுவாமியாருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் பதிவுப் புத்தகத்தைப் புரட்டித்தான் சொல்லவேண்டும்.

வயது நாற்பத்தைந்து. இருபது வருடமாகக் கடற்காற்றோடு போட்டிபோட்ட குரல். பூசையில் அவர் வாசகம் வாசித்தால் கோயிலின் கடைசி வாங்கில் இருக்கும் மீன்காரப் பெண்கள் தங்களை அறியாமல் கையை உயர்த்திவிடுவார்கள். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் பிறசர் பார்க்கப் போயிருக்கிறார். தாதி கருவியைப் பார்த்து, “நூற்றைம்பது” என்றாராம். இவர் பழக்கதோஷத்தில், “நூற்றைம்பது… நூற்றைம்பது… நூற்றறுபது ஆர்?” என்று கூவ, வெளியே வரிசையில் இருந்த கிழவர் ஒருவர், “என்ரை நூற்றெண்பது!” என்று உள்ளே சத்தம் போட்டாராம்.

அவருடைய மற்றப் பழக்கம் மணந்து பார்ப்பது. எதைக் கொடுத்தாலும் முதலில் மூக்குக்குத்தான் போகும். கடிதம், அப்பியாசக் கொப்பி, புதுப் போன், எல்லாம். என் பட்டச் சான்றிதழைப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு பக்கமும் மணந்தார். “பழுதில்லை. ஆனா கெதியா வித்துப்போடு தம்பி. நாள்பட்டா ஒருத்தரும் கேக்காங்கள்” என்றார். இரண்டு வருடமாக வேலை தேடுகிறேன். மனிதர் சொன்னது இன்றுவரை பொய்க்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் நாலு போத்தல் இத்தாலிச் சிவப்பு வைனைக் காவலுக்குக் கொடுத்த புத்திசாலி நான்தான்.

வைன் அன்ரனுடையது. அன்ரன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். ஏழு வருடத்துக்கு முன் பலெர்மோவுக்குப் போனான். அன்றிலிருந்து அங்கே ஓர் உணவகத்தில் பீங்கான் கழுவுகிறான். அந்த உணவகத்து முதலாளியம்மாவுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. பெயர் தெரியாத நாலு கிளாஸை முன்னால் வைப்பார். குடித்துப் பார்த்து நாலும் என்ன வைன் என்று சரியாகச் சொல்கிறவன் குசினியை விட்டு வெளியே வந்து மேசையில் பரிமாறலாம். அன்ரன் இரண்டு தரம் முயன்றான். முதல் தரம் நாலில் இரண்டு. இரண்டாம் தரமும் அதே இரண்டு. மூன்றாவது தரம்தான் கடைசி. அது, ஊருக்கு வந்திருந்த லீவு முடிந்து அவன் திரும்புகிற வாரமே.

“இதையும் விட்டனெண்டா மச்சான், கடைசிவரைக்கும் அந்தத் தொட்டிக்கு முன்னாலைதான்” என்று கைகளை விரித்துக் காட்டினான். விரல் நுனிகள் வெளிறி, தேநீரில் ஊறின பாண் துண்டுபோல இருந்தன.

ஆகவே பழகிப் பார்ப்பதற்கு நாலு போத்தலை உடுப்புக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். பரோலோ, நேரோ டாவோலா, கியாந்தி, பார்பேரா. “தனிய இருந்து குடிச்சா அது குடி. உங்களோடை இருந்து குடிச்சாத்தான் படிப்பு” என்றான். சனிக்கிழமை பின்னேரம், அவனுடைய அக்கா மெற்றில்டா வீட்டில், சாப்பாட்டோடு என்று முடிவாயிற்று.

அந்தக் கிழமையில் நான் வைன் பற்றி நாற்பது வீடியோ பார்த்துப் பெரிய நிபுணனாகியிருந்தேன். “வெயில் படக்கூடாது, வெக்கை படக்கூடாது, ஆட்டக்கூடாது” என்று அறிவித்தேன். அக்கா வீட்டுக் கூரை தகரம். பகலில் உள்ளே நின்றால் நாங்களே அவிந்துவிடுவோம். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கப்போனேன். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

“திரு இருதயப் படம் ஒட்டின பெட்டிக்குள்ளை சாராயப் போத்தலோ?”

“அக்கா, இது சாராயமில்லை, வைன்.”

“வைனெண்டா பூசையிலை சுவாமியார் குடிக்கிறது. நீ எப்ப குருப்பட்டம் எடுத்தனி?”

போத்தல்களைத் தூக்கிக்கொண்டு கூறியான் அண்ணையிடம் போனேன். “அண்ணை, சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் குளிர்ச்சியா வைச்சிருக்கவேணும்.”

“குளிர்ச்சியாவோ? அதை என்னட்டையோ சொல்லுறாய்?” என்றார். அவர் முகத்தில் அப்போது தெரிந்த ஒளியைக் கண்டே நான் போத்தல்களைத் திருப்பி வாங்கியிருக்கவேண்டும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஓட்டோவில் வந்து இறங்கினார். மடியில் மீன் பெட்டி. மூடியைத் திறந்தார். உடைத்த ஐஸ், அதன்மேல் உப்பு, அதற்குள் நாலு இத்தாலிப் போத்தலும் தலைமாடு கால்மாடாகப் படுத்திருந்தன. இடையிடையே சூடை மீன். இரண்டு நாள் ஐசுக்குள் கிடந்ததில் ஒரு போத்தலிலும் லேபிள் இல்லை. வெறும் கறுப்புக் கண்ணாடி.

“பேப்பர் கழண்டிட்டுது. எறியேல்லை, காயவைச்சிருக்கிறன்” என்று சேட்டுப் பொக்கற்றிலிருந்து நாலு லேபிளையும் எடுத்து, அப்பளம்போல மேசையில் அடுக்கினார். ஒவ்வொன்றிலும் வைனின் பெயரோடு ஒரு படம்: மலை, சூரியன், கோபுரம், திராட்சைக் குலை.

அன்ரன் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். “அண்ணை, எதுக்குள்ளை எது இருக்கெண்டு இனி ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

போத்தல்களின் கழுத்தைக் காட்டினார். நாலிலும் நைலோன் நூல். ஒன்றில் ஒரு முடிச்சு, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, கடைசியில் நாலு. “பேப்பரை நம்பி ஐசுக்குள்ளை சாமான் வைக்கிறவன் கூறியானே? வைக்க முந்தியே முடிச்சுப் போட்டிட்டன். எந்த முடிச்சு எந்தப் படம் எண்டது மண்டைக்குள்ளை கிடக்கு.”

“அப்ப சொல்லுங்கோவன்!”

“ஏலத்திலை ஆக்கள் கேக்க முந்தி நான் விலை சொல்லுறேல்லை. அது தொழில் மரியாதை. நீ குடி, நீ சொல்லு. நான் கூறுறன்.”

“எனக்குப் பேரைப் பாத்துக்கொண்டு குடிச்சாத்தான் அண்ணை மனசிலை நிக்கும்.”

“அப்பிடிக் குடிச்சுத்தானே ரெண்டு தரமும் கோட்டை விட்டனி?” என்றார் அக்கா குசினிக்குள் இருந்து.

போத்தல்களோ தொடமுடியாத குளிர். “பதினெட்டுப் பாகை இருக்கவேணும்” என்று நான் சட்டம் சொன்னேன். அரை மணித்தியாலம் முற்றத்துச் சுடுமணலில் நிறுத்தினோம். பிறகு அளக்கவேண்டுமே? அக்கா காய்ச்சல் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து தந்தார். ஒரு கிளாஸில் ஊற்றி உள்ளே விட்டேன். பாதரசம் அசையவே இல்லை. கூறியான் அண்ணை எட்டிப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்லை. குடிக்கலாம்.”

ஐந்தரை மணிக்கு நாலு பேரும் மேசையில் இருந்தோம். சிவப்பு வைனுக்கு இறைச்சிதான் பொருத்தம், மீன் ஆகவே ஆகாது என்று அன்ரன் சொல்லிவைத்திருந்ததால் அக்கா ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தார். பாணும், அன்ரன் கொண்டுவந்த பாறைபோன்ற சீஸும் இருந்தன. இதற்கு நடுவில் கூறியான் அண்ணை தான் கொண்டுவந்த சூடையை மொறுமொறுவென்று பொரிக்கச் சொல்லி ஒரு தட்டம் நிறைய வைத்துக்கொண்டார்.

“அண்ணை, சிவப்பு வைனோடை மீன் கூடாது!”

“அதை மீனுக்கு ஆர் சொன்னது?”

வைனைக் கிளாஸுக்குள் சுழற்றி மணக்கவேண்டும் என்று அன்ரன் காட்டினான். கூறியான் அண்ணை சுழற்றிய சுழற்றலில் சுவர்க் கலண்டரில் பாதி மாதம் சிவந்தது. பிறகு, வாயில் வைத்துப் பார்த்துவிட்டு இந்த வாளிக்குள் துப்பவேண்டும் என்றான்.

“துப்புறதுக்கோ இத்தாலியிலை இருந்து சுமந்துகொண்டு வந்தனி?” என்று வாளியைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டார்.

ஒரு முடிச்சு. நிறம் வெளிறல்தான். ஆனால் வாயில் வைத்ததும் பல்முரசைப் பிடித்து இழுத்தது. “மணந்து மட்டும் பாப்பன்” என்று சத்தியம் செய்திருந்த அக்கா ஒரு மிடறு விழுங்கிவிட்டு, “பச்சை வாழைக்காயைக் கடிச்ச மாதிரி இருக்கு” என்றார். கூறியான் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நீண்டநேரம் மணந்தார்.

“தார். வள்ளத்துக்குப் பூசிற தார். பக்கத்திலை ஆரோ ரோசாப்பூ மாலையும் வைச்சிருக்கிறாங்கள்.”

அன்ரன் கதிரையைவிட்டு எழும்பிவிட்டான். “தாரும் ரோசாவும்! புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு! பரோலோ!”

“பரோலோ ஒருதரம்… பரோலோ ரெண்டுதரம்… பரோலோ மூண்டுதரம்! மலைப்படம். சரி!” என்று அந்த லேபிளைத் தூக்கி மேசையில் அறைந்தார்.

இரண்டு முடிச்சு நல்ல கறுப்பு. நாவற்பழம் தின்றதுபோல நாக்கு நிறம் மாறியது. அன்ரன் யோசிக்கவே இல்லை. “இது எங்கடை ஊர் வைன். நேரோ டாவோலா.”

“எது எங்கடை ஊர்?” என்றார் அக்கா.

“பலெர்மோப் பக்கம் அக்கா” என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா அவன் தட்டில் இன்னொரு கரண்டி இறைச்சி போட்டார். கூறியான் அண்ணை இதற்கும் மூன்று தரம் சொல்லி அறைந்தார். சூரியன் படம்.

மிச்சம் இரண்டு. இங்கேதான் அவன் இரண்டு தரமும் விழுந்தவன். கியாந்தியும் பார்பேராவும் ஒரே சிவப்பு, ஒரே புளிப்பு. அன்ரன் மூன்று முடிச்சைக் குடித்தான், நாலு முடிச்சைக் குடித்தான், திரும்ப மூன்று. நான் வீடியோ அறிவோடு உதவிக்குப் போனேன்.

“செரிப்பழ மணம் வருதோ எண்டு பார் மச்சான்.”

“செரியெண்டா? நத்தார் கேக்குக்கு மேலை இருக்கிறதோ?” என்றார் கூறியான் அண்ணை. அதற்குமேல் எனக்கும் தெரியாது.

கடைசியில் அன்ரன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னான். “மூண்டு கியாந்தி. நாலு பார்பேரா.”

அண்ணை கூவவில்லை. “பிழை” என்றார்.

அன்ரன் கிளாஸை வைத்துவிட்டு எழும்பிப்போய் வாசல்படியில் இருந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“சரியெண்டு சொன்னா உங்கடை வாய் அழுகிப்போமோ? பெடியன் ரெண்டு நாளிலை போகப்போறான்!”

“நான் சரியெண்டா அங்கை இருக்கிற மனிசியும் சரியெண்டுமோ தங்கச்சி?”

சொல்லிவிட்டாரே ஒழிய, அவருக்கும் முகம் விழுந்துபோயிற்று. சும்மா இருப்பது அந்த மனிதருக்கு ஒத்துவராத சாமான். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சூடையை வாய்க்குள் போட்டார். மூன்று முடிச்சில் ஒரு மிடறு குடித்தார். இன்னொரு சூடை. நாலு முடிச்சில் ஒரு மிடறு.

“சீ!” முகம் எட்டுக் கோணலாயிற்று. “துருப்பிடிச்ச ஆணியைச் சூப்பின மாதிரி இருக்கு!”

திரும்ப ஒரு சூடை, மூன்று முடிச்சு, நல்லாய் இருக்கிறது. திரும்ப ஒரு சூடை, நாலு முடிச்சு, ஆணி.

“டேய் அன்ரன், ஓடியா! உது மீனோடை சண்டை பிடிக்குது. மற்றது மீனோடை சமாதானமா இருக்கு!”

நாங்களும் பாய்ந்து விழுந்து செய்து பார்த்தோம். மெய்தான். நாலு முடிச்சு மீன் கொழுப்போடு சேர்ந்ததும் இரும்பாகிறது. மூன்று முடிச்சு எலுமிச்சம்புளி பிழிந்தமாதிரி இதமாகச் சேர்ந்து போகிறது. அன்ரன் வாய்க்குள் சூடை முள்ளோடு அப்படியே நின்றான்.

“துவர்ப்பு” என்றான். “மீனோடை சண்டை பிடிக்கிறது துவர்ப்பு. கியாந்தியிலைதான் துவர்ப்பு இருக்கு, பார்பேராவிலை இல்லாத மாதிரி. ரெண்டு தரமும் நான் புளிப்பையே பாத்துக்கொண்டு நிண்டிட்டன். நாலுதான் கியாந்தி!”

“கியாந்தி ஒருதரம்!” என்ற சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. “கோபுரப்படம்! மற்றது திராட்சைக் குலை!”

“அதெல்லாம் சரி, சோதினையிலை சூடை பொரிச்சு வைப்பினமோ?” என்றார் அக்கா.

அதுதானே என்று எல்லோரும் மீன் தட்டத்தைப் பார்த்தோம். அன்ரன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து இருந்தான். கண்ணைத் துவாயால் கட்டிக்கொண்டு, “இப்ப மீன் இல்லாமல் தாங்கோ” என்றான். நான் கிளாஸுகளை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். நாக்கின் ஓரம் இழுபடுகிறதா என்பதை மட்டும் பார்த்தான். கியாந்தி. பார்பேரா. பார்பேரா. கியாந்தி. ஒன்றிலும் பிழை இல்லை. ஒவ்வொன்றுக்கும் அண்ணை மூன்று தரம் கூவ, வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்து, இந்த நேரத்தில் என்ன மீன் வந்திருக்கிறது என்று விசாரித்தன. ஏழரைக்கு நாலு போத்தலும் வெறுமை. சூடையும் முடிந்தது. இறைச்சிக் கறியை அடுத்தநாளும் சாப்பிட்டோம்.

அன்ரன் போய் எட்டாம் நாள் விடிய, போனில் செய்தி வந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் பறந்தேன். கூறியான் அண்ணை ஒரு பெரிய பாரை மீனைத் தூக்கிப் பிடித்தபடி கூவிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, அன்ரன் நாலும் சரியாம்! திங்கட்கிழமை தொடக்கம் மேசைக்கு நிக்கிறானாம்!”

ஏலம் நின்றது. அவரைச் சுற்றி நின்ற சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. அவர் கையில் பாரையோடு கேட்டார்.

“அப்ப பீங்கான் ஆர் கழுவுறது?”

“புதுசா ஒரு ஆளை எடுத்திருக்கினமாம்.”

“பாவமடா. அந்த ஆளுக்கும் இடைக்கிடை ஒரு வாய் ஊத்திக் குடுக்கச் சொல்லு. நாள் முழுக்கத் தண்ணிக்குள்ளை கையை வைச்சிருந்தா விறைச்சுப்போம்.”

சொல்லிவிட்டுப் பாரையை உயர்த்தித் திரும்பவும் கூவத் தொடங்கினார். எங்கள் வீட்டில் அன்றைக்கு மரக்கறிச் சமையல். எனக்கு ஒரு மீனும் தேவைப்படவில்லை. ஆனாலும் கடைசிக் குவியல் போகும்வரைக்கும் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.