எஃப்.பி.ஜி.ஏ. அட்டைக்கு மூன்று விலைப்புள்ளிகள்

இந்த ஆண்டு ஓர் எஃப்.பி.ஜி.ஏ. அட்டையை வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். திருமணத்துக்குப் பிறகு நானாக எடுத்த இரண்டாவது முடிவு இது. முதலாவது நிறைவேறவில்லை.

அறியாதோருக்காகச் சொல்கிறேன். உள்ளிருக்கும் மின்சுற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் நம் விருப்பப்படி மாற்றி அமைத்துக்கொள்ள இடந்தரும் சில்லு அது. விளக்குகளோடும் பொத்தான்களோடும் உள்ளங்கை அளவு அட்டையில் பொருத்தி விற்கிறார்கள். எங்கள் வீட்டில் நான் சொன்னபடி மாறக்கூடிய முதல் பொருளாக அது இருக்கும் என்று நம்பினேன்.

வேறொரு காரணமும் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகள் லிஃப்ட் பழுதுபார்த்த என்னை, முழங்கால் தேய்ந்துவிட்டதென்று, சென்ற ஆண்டு தொலைபேசி மேசைக்கு மாற்றிவிட்டார்கள். நடுவழியில் சிக்கிக்கொண்டவர்களிடம் "பயப்படாதீங்க, ஆள் வர்றாரு" என்று சொல்வதே இப்போது என் வேலை. அந்த ஆள் நானில்லை. என் கையால் ஏதேனும் ஒன்று மீண்டும் எரிய வேண்டும், அல்லது ஓட வேண்டும். இல்லையேல் இந்தக் கைகள் ரிசீவரைப் பிடிப்பதற்கு மட்டுமே என்றாகிவிடும்.

என் மனைவி ஒரு மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் மேற்பார்வையாளர். அப்படிப்பட்டவளிடம் நான் செய்யத் துணிந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. மூன்று அட்டைகளின் விலைகளை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். ஒன்று, யானை விலை. மற்றொன்று, நான்கே விளக்குகள் கொண்ட பொம்மை. நடுவில், நான் ஆசைப்பட்டது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"மூணு கொட்டேஷன்ல ரெண்டு டம்மி. எங்க சப்ளையருங்க ஆளுக்கொரு தாள்லயாவது எழுதிட்டு வருவாங்க."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"டம்மி இல்லேன்னா விதிப்படி குறைஞ்ச விலைதான். பொம்மையை வாங்கிடலாமா?"

"வேண்டாம்."

"அப்ப டம்மின்னு ஒத்துக்கறீங்க."

ஒத்துக்கொண்டேன்.

பிறகு விசாரணை தொடங்கியது. கேபிள் கூடவே வருமா என்றாள். தனியாக வாங்க வேண்டும். மென்பொருளுக்கு என்ன விலை என்றாள். இலவசம் என்று மார்தட்டினேன். நம் கணினியில் அதற்கு இடமிருக்கிறதா என்றாள். அவளுடைய தங்கை மகளின் கல்யாணப் படங்களை அழித்தால் இருக்கும் என்று தொடங்கினேன். முடிக்கவில்லை. பேச்சை மாற்றும் அவசரத்தில், அட்டையே இல்லாமல் மின்சுற்றைத் திரையில் ஓட்டிப் பார்க்கச் சின்னஞ்சிறு மென்பொருள் ஒன்று உண்டு என்பதையும் நானே உளறித் தொலைத்தேன்.

"அப்ப முதல்ல அதுல ஓட்டிக் காட்டுங்க. டெமோ பாக்காம நாங்க எதையும் வாங்கறதில்ல."

ஒரே ஒரு விளக்கு எரிந்து அணைய வேண்டும். அவ்வளவுதான். முதல் வாரம் எரியவில்லை. மூன்றாம் வாரம் எரிந்தது, அணையவில்லை. இரண்டாம் மாதம் எரிந்தும் அணைந்தும் வந்தது, ஆனால் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில். எரிந்துகொண்டேதானே இருக்கிறது என்று அவள் கேட்டபோது, நடுவில் அணைகிறது என்பதற்கு என்னிடம் நிரூபணம் இல்லை. வெளியே ஓயாத மழை. பகலெல்லாம் சிக்கிக்கொண்டவர்களைத் தேற்றினேன். மாலையெல்லாம் நானே சிக்கிக் கிடந்தேன். ஆள் வரவில்லை.

நான்காம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திரையில் ஒரு சிவப்புப் புள்ளி நொடிக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. அவளைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஈரக் கையோடு வந்து, பதினொரு முறை அது எரிவதைப் பார்த்தாள். நீங்களே செய்ததா என்று கேட்டாள். தலையாட்டினேன். என் தோளில் கை வைத்து, நன்றாக இருக்கிறது என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அந்தத் துணிச்சலில், அட்டைக்கு ஆர்டர் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

அவள் திரையை இன்னொரு முறை பார்த்தாள்.

"எதுக்குங்க? அதான் எரியுதே."