எழுது, கட்டு, தொடாதே

டிரைவிங் மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். பிரேக்கே இல்லாத இடத்தில் மிதித்ததுதான் வினையாகப் போயிற்று.

வருஷக்கணக்காகக் கற்றுக்குட்டிகளின் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர். எதிரே எது வேகமாக வந்தாலும் சரி, வலது கால் அவரைக் கேட்காமலே தரையை ஓங்கி மிதிக்கும். இப்போது வந்தது லாரிகூட இல்லை, டீ வண்டி. கேன்டீன்காரர் அதை வாசல் வழியே தள்ளிக்கொண்டு போன வேகத்தில் மாஸ்டரின் கால் பாய்ந்தது. பாய்ந்த கால் மேஜையின் காலில் இடித்தது. மேஜைமேல் இருந்த மாடல் பொலபொலவென்று சரிந்து விழுந்தது.

அந்த மாடலுக்குக் காவல் இருப்பதுதான் அவருக்குக் கொடுத்த ஒரே வேலை.

பள்ளிகளுக்கு இடையிலான அறிவியல் அணிப் போட்டி. பாலம் கட்டுவது, கொடுத்தது என்ன பொடி என்று கண்டுபிடிப்பது எல்லாம் முடிந்து கடைசிச் சுற்று வந்திருந்தது. அதற்குப் பெயர் 'எழுது, கட்டு'. அணியில் ஒருவர் இந்த அறைக்கு வந்து மாடலைப் பார்ப்பார், பார்த்ததை எழுதுவார். எழுதிய தாள் அடுத்த அறைக்குப் போகும். அங்கே இருக்கும் கூட்டாளி, மாடலைக் கண்ணால் பார்க்காமலே, தாளைப் படித்து அதே மாதிரி கட்ட வேண்டும். ஜெயிக்கிற அணிக்கு மலைமேல் இருக்கும் வானாய்வுக் கூடத்தில் ஒரு வாரம் தங்கி, பெரிய தொலைநோக்கியில் வானம் பார்க்கலாம்.

மாஸ்டரின் மகள் அந்த ஒரு வாரத்துக்காக மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. அவள்தான் அடுத்த அறையில் கட்டப்போகிறவள். காலையில் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்.

"அப்பா, நீங்க சும்மா நின்னாலே போதும். கையை பேன்ட் பாக்கெட்லயே வச்சுக்கோங்க."

கையைப் பற்றிச் சொன்னாளே தவிர, காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நிதானம், நிதானம்," என்று மாஸ்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கற்றுக்குட்டிகளுக்கு நாள் முழுக்கச் சொல்லுகிற வார்த்தை. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினார். ஒரு காகிதக் கோப்பை, களிமண் உருண்டை, ரப்பர் பேண்டு போட்ட ஸ்ட்ரா கட்டு, சிவப்பு பாட்டில் மூடி. ஐஸ் குச்சி ஒன்று இருந்ததே? தேடினார். அவருடைய செருப்புக்கு அடியிலேயே இரண்டு துண்டாகக் கிடந்தது.

எது எதன்மேல் இருந்தது? காலையிலிருந்து அதன் எதிரில்தான் நின்றார். ஆனால் பார்த்ததெல்லாம் வாசலைத்தான். எவனும் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று அப்படி ஒரு காவல்! நெற்றியைத் தேய்த்து யோசித்தார். சிவப்பு மூடியை அடியில் வைத்தார். அதன்மேல் ஸ்ட்ரா கட்டு, அதன்மேல் களிமண். உச்சியில் கோப்பை. நடுவே குறுக்காக வைக்கக் குச்சி இல்லாமல் கோப்பை குடை சாய்ந்தது.

வராந்தாவில் பிள்ளைகளின் காலடிச் சத்தம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டைப் பையிலிருந்த பல்லு போன பச்சைச் சீப்பை உருவிக் களிமண்மேல் குறுக்காகச் சொருகினார். கோப்பை நின்றுவிட்டது!

எழுதுகிற பிள்ளைகள் நான்கு பேரும் உள்ளே வந்தார்கள். மகளின் தோழி மாடலை ஒரு தரம் சுற்றி வந்தாள். சீப்பைப் பார்த்தாள். மாஸ்டரின் கலைந்த தலையைப் பார்த்தாள். மாஸ்டர் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

அப்பாடா. நாலு பேரும் ஒரே மாடலைத்தான் பார்க்கிறார்கள், ஒரே மாதிரிதான் கட்டப்போகிறார்கள். யாருக்கு என்ன நஷ்டம்? மாஸ்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

தாள்கள் அடுத்த அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அங்கே மேற்பார்வையில் இருந்த கணக்கு டீச்சர் ஓடி வந்தார்.

"சார், ஒரு உதவி. மாடல்ல சீப்பு இருக்காம். கட்டறதுக்குக் கொடுத்த பெட்டியில சீப்பே இல்ல. பேக் பண்ணவங்க மறந்துட்டாங்க போல. பசங்க கையைத் தூக்கிட்டு நிக்குறாங்க. எங்கேயாவது நாலு சீப்பு பிடிச்சுட்டு வாங்களேன்!"

"சீப்பு... கண்டிப்பா வேணுமா டீச்சர்?"

"வேணாமா பின்ன? நடுவரம்மா மாடலை முன்னாடியே போட்டோ எடுத்து வச்சிருக்காங்க. அதோட ஒப்பிட்டுத்தான் மார்க்கே."

போட்டோ! அந்தப் போட்டோவில் சீப்பு எங்கே இருக்கப்போகிறது? உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். "சீக்கிரம் சார்!" என்று டீச்சர் விரட்டிய விரட்டில் வாய் மூடிக்கொண்டது, கால் ஓடிவிட்டது.

பெற்றோர் உட்கார்ந்திருந்த கூடத்தில் முதலில் கண்ணில் பட்டவர் மருந்துக்கடைக்காரர்.

"அவசரம் சார், ஒரு சீப்பு இருக்குமா?"

மருந்துக்கடைக்காரர் வழுக்கையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "என்னைப் பாத்தா கிண்டலா இருக்கா உங்களுக்கு?"

ஒரு அம்மா கைப்பையைக் கவிழ்த்துத் தேடி ஒன்று கொடுத்தாள். வாட்ச்மேன், "பேன் இருந்தா நான் பொறுப்பில்ல," என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார். இன்னொருவர் தலையை வாரி முடிக்கும்வரை மாஸ்டர் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார். மூன்றுதான் தேறியது.

மூன்று மேஜைகளுக்குச் சீப்பு போய்ச் சேர்ந்தது. நான்காவது மேஜையில் மகள். ஐயோ, பெற்ற பெண்ணுக்கு மட்டும் இல்லாமல் போயிற்றே! மாஸ்டர் கிட்டே போய்க் கிசுகிசுத்தார்.

"இரும்மா, உனக்கும் எங்கேயாவது..."

"எனக்கு வேணாம்," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. கோப்பையைக் கொண்டுபோய் அடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

போச்சுடா! மூன்று மாதத் தூக்கம் போச்சு, தொலைநோக்கி போச்சு. பெண்ணுக்குப் பதற்றத்தில் ஒன்றும் ஓடவில்லை என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். மணி அடித்தது. எழுதிய பிள்ளைகளும் கூடத்திலிருந்த பெற்றோரும் முடிவு பார்க்க அறைக்குள் வந்து கூடினார்கள்.

நடுவரம்மா இயற்பியல் பேராசிரியை. குரலே ஒலிபெருக்கி. கையில் போட்டோவோடு முதல் மேஜைக்கு வந்தார், நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது என்ன, சீப்பா?"

இரண்டாவது மேஜை. சீப்பு. மூன்றாவது மேஜை. அதிலும் சீப்பு, பல்லில் ரெண்டு முடியோடு.

"போட்டிக்கு வந்தீங்களா, தலை வார வந்தீங்களா? பூஜ்யம். மூணு பேருக்கும் பூஜ்யம்."

நான்காவது மேஜைக்கு வந்தவர் அசையவில்லை. போட்டோவைப் பார்த்தார், மகள் கட்டியதைப் பார்த்தார். அடியில் கவிழ்ந்த கோப்பை, குறுக்கே ஐஸ் குச்சி, களிமண், ஸ்ட்ரா கட்டு, உச்சியில் சிவப்பு மூடி.

"அச்சு அசல்! நூத்துக்கு நூறு!"

மகளின் தோழி துள்ளிக் குதித்தாள். மாஸ்டருக்கும் குதிக்கத்தான் ஆசை. ஆனால் மூன்றாவது மேஜைப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் நிற்பதை அவர் பார்த்துவிட்டார். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"மேடம், அந்தப் பசங்க மேல தப்பில்ல. மாடலை நான்தான் தள்ளி விட்டுட்டேன். ஏதோ தெரிஞ்ச மாதிரி திரும்ப அடுக்கினேன். சீப்பு என்னோடதுதான்."

அறையே கொல்லென்று சிரித்தது. மருந்துக்கடைக்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நடுவரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ இந்தச் சுற்று செல்லாது. வேற மாடல் வச்சு எல்லாருக்கும் மறுபடி நடத்தறோம்." மூன்று மேஜைகளிலும் முகம் மலர்ந்தது. அவர் மெல்ல மகள் பக்கம் திரும்பினார். "ஆனா ஒரு விஷயம் இடிக்குதே. உன் தோழியும் அந்தச் சீப்பு மாடலைப் பாத்துத்தானே எழுதினா?"

தாளை வாங்கிப் படித்தார். அடியில் மூடி, உச்சியில் கோப்பை, நடுவில் சீப்பு. எல்லாம் மாஸ்டர் அடுக்கியபடியே இருந்தது.

"இதைப் படிச்சுட்டு நீ எப்படி நிஜ மாடலைக் கட்டினே? அப்பா வந்து காதுல ஏதோ சொன்னாராமே. கணக்கு டீச்சர் பாத்திருக்காங்க. ஒழுங்கா பதில் சொல்லலைன்னா உங்க அணியையே போட்டியிலேர்ந்து நீக்கிடுவேன்."

மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. எதுவும் நிற்கவில்லை. "சத்தியமா நான் ஒண்ணும் சொல்லித் தரல மேடம்! எனக்கே தெரியாதே!" என்று அலறினார்.

"அவருக்குத் தெரியாது மேடம், நிஜமாத்தான் சொல்றாரு," என்றாள் மகள். "பல்லு போன பச்சை சீப்புன்னு படிச்சதுமே இது அப்பா கைவேலைன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க வீட்டுல அவரு மாட்டின அலமாரி, குழாய், சுவர்க் கடிகாரம் எல்லாமே தலைகீழாத்தான் இருக்கு. அதான் சீப்புக்குப் பதிலா பெட்டியில இருந்த ஐஸ் குச்சியை வச்சு, எழுதியிருந்ததை அப்படியே கவிழ்த்துக் கட்டிட்டேன்."