அன்லெஸ்ஸுக்குள் ஒளிந்திருந்த நாட்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நான் பத்து விரல்களோடு நலம். தங்கையும் குழந்தைகளும் நலமா? தங்கை கணவர் என்பதால் மரியாதையாகவே எழுதுகிறேன். ஆனால் வயிறு எரிகிறது.

எங்கள் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில், கத்திக்கு முன்னால் இருக்கும் தடுப்பு உடைந்து ஒரு மாதமாகிறது. புகாரை இங்கிலீஷில் கொடுத்தால்தான் தலைமை அலுவலகம் பார்க்கும் என்றார் மேனேஜர். "தடுப்பு உடைந்துவிட்டது. மெஷினைத் தொட மாட்டேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி, வாத்தியாராயிற்றே என்று உங்களிடம் காட்டினேன். ஸ்பெல்லிங்கை மட்டும் பார்த்துக் கொடுத்திருக்கக் கூடாதா? "ரெண்டு வாக்கியமும் தனித்தனியா நிக்குது மச்சான், ஒண்ணு இன்னொண்ணைச் சார்ந்து வரணும், அதுக்கு ஒரு இணைப்புச்சொல் வேணும்"னு சொல்லி அன்லெஸ்னு ஒண்ணைக் கொண்டுவந்து நுழைச்சீங்க. "தடுப்பைச் சரிசெய்யாவிட்டால் வேலை செய்ய மாட்டேன்"னுதானே அர்த்தம்னு கேட்டேன், ஆமான்னீங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா, 'செய்யாவிட்டால்'ல இருக்கிற 'இல்லை'க்கு அங்கே ஒரு 'நாட்'டே காணோம்! அவசரத்துல விட்டுட்டீங்கபோலன்னு நானே ஒரு நாட் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துட்டேன். அந்த அன்லெஸ் வயித்துக்குள்ளயே ஒரு நாட் உட்கார்ந்திருக்குன்னு வாயைத் திறந்து சொன்னீங்களா?

மறுநாள் மேனேஜர் எல்லார் முன்னாடியும் வாசிச்சார். "தடுப்பைச் சரிசெஞ்சா இவர் வேலை செய்ய மாட்டாராம். நல்ல ஆளை விட முடியுமா? அதனால சரிசெய்யப் போறதில்லை"ன்னார். மடிக்கிறவங்க, ஒட்டுறவங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. போன வாரம்தான் அந்தக் கத்தி எங்ககூட வேலை செய்யுற ஒல்லியனோட சட்டைக் கையை வெட்டிச்சு, மயிரிழையில மணிக்கட்டு தப்பிச்சுது. அவனும் சிரிக்கிறான்! எனக்கு வந்தது பாருங்க கோபம். சுவிட்சை அணைச்சேன். தமிழ்லயே சொன்னேன்: "தடுப்பு உடைஞ்சிருக்கு. தொட மாட்டேன்." சிரிப்பு நின்னுபோச்சு. முதல்ல ஒல்லியன் எழுந்து என் பக்கத்துல வந்து நின்னான். அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. மதியத்துக்குள்ள புதுத் தடுப்பு மாட்டியாச்சு.

ஆகவே மாப்பிள்ளை, இனி என் வாக்கியங்கள் எதையும் சாராமல் தனியாகவே நிற்கும். உங்கள் இலக்கணத்தை என் வீட்டு வாசல் பக்கம் கொண்டுவராதீர்கள். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். மிச்சமிருந்தால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
ஆத்திரம் அடங்காத
உங்கள் மச்சான்

பி.கு.: இதை உறையில் போடும் நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். பாதுகாப்புப் பொறுப்பு இனி எனக்காம். பன்னிரண்டு எச்சரிக்கைப் பலகைகள் எழுத வேண்டுமாம், எல்லாம் இங்கிலீஷில், திங்கட்கிழமைக்குள். மேலே உள்ளதைப் படிக்காமலே கிழித்துப் போட்டுவிட்டு, ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள்.