ரெண்டரை அடிப் பட்டாம்பூச்சித் தோடு

வேலை ரொம்பச் சின்னது. பித்தளைத் தகட்டுல ரெண்டு பட்டாம்பூச்சி வெட்டணும். அவ்ளோதான்.

என் நாத்தனார் மார்த்தாவுக்கு ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம். "அண்ணி, நீங்கதான் நகை செய்ற கிளாஸ் போறீங்களே, எனக்குத் தோடு நீங்களே செஞ்சு குடுங்க"ன்னு ஆசையா கேட்டிருந்தா. நான் போனது மொத்தம் மூணு கிளாஸ். அதுல ஒண்ணு அறிமுகம், ஒண்ணு டீ, பிஸ்கட். இதை அவகிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லல.

சனிக்கிழமை காலைல சாப்பாட்டு மேஜைல கடை விரிச்சேன். வில்லு மாதிரி ஒரு ஃப்ரேம், அதுல நூல் மாதிரி மெல்லிசா ஒரு ரம்ப பிளேடு. படம் வரைஞ்ச பேப்பரைத் தகட்டு மேல ஒட்டியாச்சு. அறுக்க ஆரம்பிச்சேன்.

டிங்!

பிளேடு போச்சு. வேற மாட்டினேன். டிங்! அவசரப்பட்டுத் திருப்பாதீங்கன்னு டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தப்ப ஒரு டஜன் பிளேடு காலி. பாதி றெக்கைகூட முடியல.

சரி, தகடு வெட்டுற கத்திரி இருக்கேன்னு எடுத்தேன். வெட்ட வெட்ட, ஓரமெல்லாம் எண்ணெய்ல போட்ட அப்பளம் மாதிரி சுருண்டுச்சு.

என் வீட்டுக்காரர் சேவியர் எட்டிப் பாத்தார். "இன்னா இது, வௌவாலா?"

பின்னாடியே மாமியார் வந்தாங்க. அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஸ்கூல்ல படிச்சவங்க, அதிர்ச்சின்னா பிரெஞ்சுதான் வரும். "மோன் தியூ! கடவுளே! இதை மாட்டினா பொண்ணு காது அறுந்துடும்மா!"

சேவியர்தான் வழி சொன்னார். "இங்க பக்கத்துல, மேட்டுப்பாளையத்துல லேசர் கட்டிங் பட்டறை இருக்கு. படத்தைக் குடுத்தா மெஷினே வெட்டிடும். போய்ட்டு வா."

மிச்சமிருந்த தகட்டை எடுத்துக்கிட்டு ஸ்கூட்டில போனேன். பட்டறை ஓனர் ஏழுமலை. ஒரே இரைச்சல். படத்தை அவர் போனுக்கு அனுப்பினேன்.

"சைஸ் இன்னா மேடம்?"ன்னு கத்தினார்.

"முப்பது!"ன்னு கத்தினேன். மில்லிமீட்டர் கணக்குலதான் கிளாஸ்ல பேசுவோம். பெரிய ஆளு மாதிரி பேசணும்ல!

"எத்தினி வேணும்?"

"ஜோடி! மேல தொங்க விட ஒரு ஓட்டை!"

"தொங்க விடறதா? சரி சரி. சாயங்காலம் வாங்க."

தோடுன்னு சொன்னா சிரிப்பாரோன்னு அதை மட்டும் சொல்லாம வந்துட்டேன்.

சாயங்காலம் போனா, "ரெடி மேடம். எதுல எடுத்துட்டுப் போறீங்க?"ன்னார்.

"இன்னாங்க இது, ஹேண்ட்பேக்ல போட்டுக்கறேன்."

மனுஷன் என் ஹேண்ட்பேக்கை ஒரு தடவை பாத்தார். அப்புறம் உள்ள பாத்துக் குரல் குடுத்தார். ரெண்டு பேர் ஆளுக்கொரு பட்டாம்பூச்சியைத் தூக்கிட்டு வந்தாங்க. ஒவ்வொண்ணும் ரெண்டரை அடி. கெட்டி இரும்பு!

"முப்பது இஞ்ச், கரெக்டா இருக்கும். வீட்டு கேட்டுக்குத்தானே? உங்க தகடு சின்னதா இருந்துச்சு, சாம்பிள்னு நெனச்சு ஓரமா வெச்சுட்டேன்."

நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். "இது... தோடுங்க."

ஏழுமலை பட்டாம்பூச்சியைப் பாத்தார். என் காதைப் பாத்தார். ரொம்ப மரியாதையா கேட்டார்: "யாருக்கு மேடம்?"

நாளைக்குக் காலைல நிச்சயதார்த்தம்னு சொன்னதும் மனசு இரங்கிட்டார். நிறுத்தின மெஷினைத் திரும்ப ஓட்டி என் தகட்டை வெச்சார். ஒரு நிமிஷம்கூட ஆகல. ரெண்டு குட்டிப் பட்டாம்பூச்சி! என்னா அழகு!

அழகா இருக்கேன்னு பாக்கறதுக்குள்ள ரெண்டும் மெஷின் மேஜையோட கம்பி இடுக்கு வழியா கீழ இருந்த குப்பைத் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு.

"கவலைப்படாதீங்க, காந்தம் போட்டா வந்துடும்"னார். காந்தம் போட்டார். தொட்டில இருந்த இரும்புத்தூள் மொத்தமும் வந்துச்சு. பித்தளை மட்டும் வரல.

"பித்தளைல காந்தம் ஒட்டாதுங்க"ன்னேன் நான். மூணு கிளாஸ்ல உருப்படியா கத்துக்கிட்ட ஒரே விஷயம்.

அப்புறம் இன்னா, நானும் அவரும் முழங்கை வரைக்கும் கைய விட்டுத் துழாவினோம். ஒரு மணி நேரம்! ரெண்டும் கிடைச்சப்ப பட்டாம்பூச்சி யாரு, கரி யாருன்னே தெரியல. சுடிதார் போனது தனிக்கதை. பெரிய பட்டாம்பூச்சிகளையும் விட்டுட்டு வர மனசில்லாம ஒரு லோடு ஆட்டோல ஏத்திக்கிட்டேன்.

வீட்ல புளி போட்டுத் தேச்சதும் தோடு பளபளன்னு ஆயிடுச்சு. மார்த்தா போட்டுக்கிட்டு என்னைக் கட்டிப் புடிச்சா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா நிச்சயதார்த்தத்துல ஒருத்தராவது அந்தத் தோட்டைப் பாக்கணுமே! சேவியர் அந்த இரும்பு ரெண்டையும் மேடைக்கு ரெண்டு பக்கமும் பூ சுத்தித் தொங்க விட்டிருந்தார். வந்தவங்க எல்லாரும் அது முன்னாடிதான் போட்டோ.

மாப்பிள்ளையோட அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நீயே செஞ்சதாமே! எங்க வீட்டு கேட்டுக்கும் ஒரு ஜோடி செஞ்சு குடும்மா"ன்னாங்க.

மில்லிமீட்டர்னு சொல்ல ஒரு செகண்டுதான் ஆகும் மக்களே. சொல்லிடுங்க.