வால்காரர் பார்த்த நாடி

அன்று காலை என் தொழுவத்தில் இருந்தது நான். என் மனைவி. பக்கத்து வயல் சுப்பு. தீனி எடுக்காமல் படுத்திருந்த என் மாடு. அதன் வாலைத் தூக்கிப் பிடித்தபடி, மாட்டு வைத்தியம் பார்க்கும் வால்காரர்.

எங்கள் கரும்புத் தீவில், பாம்ப்ளமூஸ் பக்கத்தில் அவரைவிட அதிகமாக மாட்டுக்குப் பின்னால் நின்ற மனிதன் பிறக்கவில்லை. சாணி படாத சட்டை அவரிடம் கிடையாது. வாலின் அடிப்பக்கம் ரத்தக்குழாய் துடிக்கும். அதுதான் மாட்டுக்கு நாடி. கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் மாப்பிள்ளை வண்டி மாட்டின் வால், பிறகுதான் பந்தி. ஒரு தடவை கரும்புத் தோட்டத்துத் துரையின் குதிரைக்கும் பார்த்தார். இரண்டு பல் போயிற்று. "உதையிலேயே தெரியுது, நல்ல நெஞ்சு" என்றார்.

என் மனைவி வாங்கிய மீனை ஒருநாள் பிடுங்கிப் பிளந்தார்.

"அண்ணே, அது குழம்புக்கு!"

"இரு தங்கச்சி, நெஞ்சு இன்னும் துடிக்குது. மீனுக்கு ஒரே சுத்து. ரத்தம் செவுளுல காத்து வாங்கிட்டு அப்படியே உடம்புக்குப் போயிடும். மாட்டுக்கு ரெண்டு சுத்து. நுரையீரலுக்குப் போய், நெஞ்சுக்குத் திரும்பி, அப்புறந்தான் குளம்பு வரைக்கும். சத்தைக் கொண்டுபோய் இறக்கும், அழுக்கை ஏத்திக்கிட்டு வரும்."

"வழியில ரெண்டும் முட்டிக்காதா?" என்றான் சுப்பு.

"போற வழி வேற, வர்ற வழி வேற. கடவுள் என்ன, உங்க கரும்பாலைக்குப் போற மாதிரி ஒத்தை ரோடா போட்டிருக்காரு?"

அந்த வருஷம் மாடுகளுக்கு ரத்தத்தில் நோய். ஈ கடித்துப் பரவியது. ஊரில் இரவல் கேட்கவும் மாடு இல்லை. நான் வெட்டிய கரும்பு வயலில் காய்ந்துகொண்டிருந்தது. ஆலைக்குக் கொண்டுபோக இந்த ஒரு மாடுதான்.

அவரிடம் கடிகாரம் இல்லை. வலது கை வாலில், இடது கை தன் கழுத்து நாடியில். தன் துடிப்பு முந்தினால் மாடு பிழைக்கும். மாட்டின் துடிப்பு முந்தினால் போய்விடும். இதுதான் அவர் கணக்கு.

அன்று காலை தொழுவத்துக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார். கரும்பு வெட்டுக் காலம், குளிர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வெகுநேரம் பிடித்திருந்தார்.

"என்னுதுதான் முந்துது. பிழைச்சுக்கும் தம்பி. நாளைக்கே பூட்டு."

மனைவி அழுதுவிட்டாள். சாயங்காலம் மாடு எழுந்து கொஞ்சம் கரும்புத் தோகை தின்றது.

மறுநாள் வண்டியில் கரும்பேற்றி மாட்டைப் பூட்டினேன். முதல் திருப்பத்தில் விழுந்தது. எழவில்லை.

வீட்டுக்கு வந்தால் வால்காரர் என் பாயில் கிடந்தார். மனைவிதான் இட்டுவந்து படுக்க வைத்திருந்தாள். குளிர்காய்ச்சல். உடம்பு நெருப்பு.

"முந்தாநாளிலிருந்தே காய்ச்சலாம்" என்றாள்.

கழுத்தில் கை வைத்தேன். தடதடவென்று ஓடியது. நோய் கண்ட மாட்டையும் முந்தி ஓடிய நெஞ்சு. அதை வைத்துத்தான் என் மாட்டை அளந்திருக்கிறார்.

கோபம் வரவில்லை. ஈரத்துணி போட்டேன்.

சுப்பு வாசலில் நின்றான். "மாடு செத்ததைச் சொல்லிடு. கேக்கட்டும்" என்றான்.

பொழுது சாயும்போது கண் திறந்தார். அதுதான் கடைசி.

"தம்பி, மாடு நடந்துச்சா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"நடந்துச்சு அண்ணே."

"ஆலைக்கு எத்தனை நடை?"

"நாலு."