வெள்ளை நாயும் என் உள்ளங்கையும்

கவலைப்படுகிறவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பார்கள். பொய். அவன் வேறு எதையோ பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பான். (நானே சாட்சி.)

யுத்தத்துக்கு முந்தி ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தை வாசலில், சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளியிடம் எனக்கு வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே கவர்னர் உத்தியோகம். விற்க வருகிற ஆடு, மாடு, நாய்க்கெல்லாம் வரி வாங்கிக்கொண்டு முதுகில் காவி முத்திரை குத்த வேண்டும். வரி கட்டியாயிற்று என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. சனங்களோ முத்திரை விழுந்தால் சரக்கு அசல் என்று நம்பினார்கள்.

ஒருநாள் ஒருவன், ராஜபாளையம் நாய்க்குட்டி என்று பால்வெள்ளையில் ஒன்றைக் கொண்டுவந்தான். பிடித்துக் குத்தினேன். கையை எடுத்தால் உள்ளங்கையெல்லாம் வெள்ளை. தேமல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். வத்திராயிருப்பில் பெண் பேசி, பரிசம் போடுகிற நேரம் வேறு. அன்று முழுக்க வலது கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு இடது கையால் குத்தினேன். சாயங்காலம் தேமல் மறைந்திருந்தது. குலசாமிக்குத் தேங்காய் உடைத்தேன்.

அடுத்த சந்தைக்கு ஒருவர் செவலைக் குட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். பெண்ணின் தகப்பனார்.

"கால்வாயில விழுகையில வெள்ளை, ஏறுகையில செவலை," என்றார் குத்தகைக்காரரிடம். "பூராம் நாமக்கட்டிய்யா."

"நான் எடந்தான் விட்டேன். வித்தவன்கிட்டப் போயிக் கேளும்."

"வரி வாங்கையில ஒம்ம சந்தை, சாயம் போனா எவனோவா? ஒம்ம முத்திரையப் பாத்துத்தானய்யா வாங்குனேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏலே, குத்துனவன் நீதான. தொட்டுப் பாத்தியா?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும். பொய் வெளிப்பட்டால் பெண் போகும். இரண்டுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டதில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தொட்டேன் முதலாளி. கை வெள்ளையாச்சு. எனக்குத்தான் தேமல் வந்துட்டுன்னு நெனச்சேன்."

சந்தையே சிரித்தது. பெண்ணின் தகப்பனார் மட்டும் சிரிக்காமல் என் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"தோலு சுத்தமாத்தான் இருக்கு," என்றார். "பொய்யும் வரல. புத்திய எம்மக பாத்துக்கிடுவா."

ஊர் சிரித்த சிரிப்பில் முதலாளி அவருக்கு அசல் குட்டி ஒன்று வாங்கித் தர வேண்டியதாயிற்று. அது முதல் சந்தை வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி. எந்தக் குட்டியானாலும் குளிப்பாட்டிய பிறகுதான் முத்திரை. (குளிப்பாட்டுகிறவன் யாரென்று சொல்ல வேண்டுமா?)

கல்யாணப் பந்தலில் என் மச்சினன் ஈரத் துண்டோடு வந்தான். என் கன்னத்தை அழுத்தித் துடைத்து, துண்டை விரித்துத் தன் தகப்பனாரிடம் காட்டினான்.

"சாயம் போகலப்பா. தாலி கட்டச் சொல்லுங்க."

எங்கள் வீட்டு மாப்பிள்ளைகள் ஒருவரும் இதுவரை அந்தத் துண்டுக்குத் தப்பியதில்லை. துடைப்பது மச்சினன். தண்ணீர்ச் செம்போடு நிற்பது நான். எனக்குத்தான் பழக்கம் உண்டாம்.