தரையில் கொட்டிய எண்ணெய் குறித்து அப்பா தரும் விளக்கம்

துராஸ்னோ,
ஜூலை 17, வியாழன்

அன்பு மகள் ரோசினாவுக்கு அப்பா அதெமார் எழுதுவது. நானும் நாய் கனேலாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை ஃபாபியானும் மொந்தேவிதேயோவில் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். முப்பத்தெட்டு வருஷம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவன் நான், அது ஒரு காரணம். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று தடவை "அப்பா!" என்று அலறுவாய், அது இன்னொரு காரணம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அலறுவதென்றால் அலறிக்கொள், எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை சமையலறையில் கொஞ்சம் எண்ணெய் கொட்டிவிட்டது. கொஞ்சம்தான். பதறாதே. ஈஸ்டருக்கு அந்தத் திரைச்சீலை எரிந்தபோது நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இதோ பாருங்க அப்பா, இன்னொரு தடவை இந்த அடுப்படியில ஏதாவது ஆச்சுன்னா உங்களைக் கேக்கவே மாட்டேன், வண்டியக் கொண்டாந்து உங்களைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவேன்" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால்தான், நடந்தது எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு பத்திரமாகக் கையாளப்பட்டது என்பதை நீ வேறு யார் வாயாலும் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

அன்று காலையிலிருந்து மழை. மழை பெய்தால் துராஸ்னோவில் எண்ணெய் காயாத வீடு உண்டா? தெரு முழுக்க எண்ணெயில் பொரியும் தோர்த்தா வாசனை. நான் மட்டும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? உன் அம்மா பிசைவதுபோலவே அரைக்கிலோ மாவைப் பிசைந்து, தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு, பன்னிரண்டு தோர்த்தா வரிசையாக வைத்தேன். டாக்டர் மாட்டுக்கொழுப்பு கூடாது என்று சொன்னதால் எண்ணெய்தான். சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது என்று நீ பச்சை மையில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் பட்டியலின் முதல் விதி சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாட்டிலின் அடியில் நாலு விரல் எண்ணெயை மிச்சம் வைக்க எனக்கு மனசு வரவில்லை, அதையும் ஊற்றிவிட்டேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. காற்று திரும்பியது. ஜன்னல் வழியாகச் சாரல் நேராகச் சட்டிக்குள் விழுந்து படபடவென்று தெறிக்க ஆரம்பித்தது. சட்டியை உள்பக்க அடுப்புக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நல்ல யோசனைதானே? இரண்டாவது விதிப்படி இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். ஆனால் என் இடது அக்குளில் பிளாஸ்க், இடது கையில் மாத்தே டீ உறிஞ்சும் குடுவை. அதைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்பாய். ரோசினா, இந்த நாட்டில் எவன் மாத்தேயைக் கீழே வைத்துவிட்டு வேலை செய்கிறான்? மாப்பிள்ளை கார் ஓட்டும்போது தொடைகளுக்கு நடுவில் எந்தக் குடுவை இருக்கிறது என்று போய்ப் பார்.

ஒரு கையால் தூக்கினேன். சட்டி சாய்ந்தது. அடுப்பு மேடையிலிருந்து தரை வரை எண்ணெய் அருவி மாதிரி இறங்கியது. எனக்கு ஒரு சொட்டுகூடப் படவில்லை, சத்தியம். உடனே அடுப்பை அணைத்தேன், சிலிண்டரையும் மூடினேன். நாயை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். மூன்றாவது விதி, ஐந்தாவது விதி, இரண்டும் ஆச்சு. பிறகு, என்னவோ, கை தானாகப் பிளாஸ்கைத் திறந்து மேடை மேல் இருந்த எண்ணெயில் வெந்நீரை ஊற்றப் போனது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சுல்மா அம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி ஒரு கத்து கத்தினாள் பார்:

"தண்ணி ஊத்தாதய்யா! கொதிக்கிற எண்ணெயில தண்ணி ஊத்துனா மூஞ்சியில வந்து அடிக்கும்! இருக்கிற மூஞ்சியே சுமார்தான்!"

கத்திவிட்டு அவளே பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வாஷிங்டனும் குடையோடு வந்து நின்றான். வாசலைத் தாண்டாமல் அப்படியே நில்லுங்கள், எண்ணெய் ஆறட்டும், அதுவரை யாரும் கால் வைக்கக் கூடாது என்று நான்தான் கட்டளை போட்டேன். (உன் ஆறாவது விதி. எனக்கு எல்லாம் மனப்பாடம்.) ஆறிய பிறகு எதைத் தூவி உறிஞ்சுவது என்று ஒரு சபையே கூடிவிட்டது.

"மாவு தூவு," என்றாள் சுல்மா.

"மாவெல்லாம் தோர்த்தா ஆயிடுச்சு," என்றேன்.

"அப்போ உப்பு."

"எனக்கு ரத்தக்கொதிப்பு. ரோசினா இந்த வீட்டுல உப்பை மருந்து மாதிரி ஒரு சிட்டிகைதான் வெச்சிருக்கா."

வாஷிங்டன் அலமாரியை ஒரு பார்வை பார்த்தான். அங்கே பிரிக்காத ஒரு கிலோ மாத்தேத் தூள் இருந்தது. "அதெமாரு, அது காஞ்ச எலைதானே? எண்ணெய நல்லா குடிக்கும்டா."

"டேய், அதுக்கு என் கோட்டைப் போட்டுத் தொடைச்சுக்க!"

"கோட்டு ஒண்ணுதான் இருக்கு. மாத்தே கடையில கெடைக்கும். விடுறா."

வேறு வழி? நானே பிரித்தேன், நானே கொட்டினேன். ரோசினா, உன் அம்மா அடக்கத்தன்று கூட என் கை அப்படி நடுங்கவில்லை என்று சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய், அதனால் சொல்லவில்லை. ஆனால் ஒன்று, அது எண்ணெயைக் குடித்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தரையில் பச்சைச் சேறுதான் இருந்தது. போன வருஷக் காலண்டர் அட்டையால் அதை வழித்து அள்ளி, சாக்கடையில் கொட்டாமல் (எட்டாவது விதி) அதே பையில் திரும்பப் போட்டு, வாயைச் சுருட்டி, குப்பைக்குக் கொண்டுபோக மேஜை மேல் வைத்தேன். பிறகு பழைய செய்தித்தாள். பிறகு சோப்புப் போட்ட வெந்நீர். ஒரு தடவை துடைத்ததும் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சுல்மா விடவில்லை. குதிகாலைத் தரையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "வழுக்குதுய்யா. கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். இன்னொரு தடவை போடு" என்றாள். போட்டேன். "இன்னொரு தடவை." திட்டிக்கொண்டே மூன்று தடவை போடவைத்தாள். அந்தத் தரையில் இப்போது நீ கல்யாண விருந்தே பரிமாறலாம்.

இதற்குள் வாஷிங்டன் என்ன செய்தான் தெரியுமா? நாங்கள் துடைத்துக்கொண்டிருக்க, மகாராஜா மேஜையில் உட்கார்ந்து அந்தப் பையைப் பிரித்து, குடுவையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தான். "இது என்னடா புது தினுசா இருக்கு? கொழகொழன்னு எறங்குது. எந்தக் கடை?" என்றான். சுல்மா அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அப்புறம் சட்டியில் மிஞ்சிய எண்ணெயிலேயே மூன்று பேரும் பன்னிரண்டு தோர்த்தாவையும் சுட்டுச் சாப்பிட்டோம். அன்று மத்தியானம் நீ போன் செய்தபோது நான் எடுக்கவில்லை என்று சாயங்காலம் கோபித்துக்கொண்டாயே, அப்போது என் வாய் நிறைய தோர்த்தா. வேறொன்றும் இல்லை.

ஆகவே மகளே, யோசித்துப் பார். எழுபத்தாறு வயசுக் கிழவன் தனியாக இருக்கிறான் என்று நீ புலம்புகிறாய். எங்கே தனியாக இருக்கிறேன்? ஒரு சட்டி சாய்ந்தால் இரண்டு பேர் ஓடிவருகிற தெரு இது. உன் வீடு ஆறாவது மாடியில். லிஃப்டில் எதிரே நிற்கிறவன் பெயர் உனக்கே தெரியாது. அங்கே எனக்கென்று ஒதுக்கியிருக்கும் அறை நல்ல அறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியை இறுக்கிச் சாத்தியிருக்கிற அந்த உயரத்தில் மழைச் சத்தமே கேட்காது. மழை பெய்வதே தெரியாத வீட்டில் ஒரு மனுஷன் எப்போதுதான் எண்ணெயைக் காயவைப்பான்? இங்கே தகரக் கூரை, முதல் தூறலிலேயே எழுப்பிவிடும். நான் இங்கேயே இருக்கிறேன். அந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது என் இடது முழங்கையிலும் புருவத்திலும் கொஞ்சம் நீலம் பூத்திருக்கும். அது சுல்மா அம்மாள் அலமாரிக் கதவைப் பட்டென்று திறந்தபோது பட்டது. அவளை இதுபற்றி நீ போனில் விசாரிக்க வேண்டாம், பாவம், வெட்கப்படுவாள். நன்றி சொல்கிறேன் என்றும் கூப்பிட வேண்டாம். பாராட்டினால் அவளுக்குப் பிடிக்காது.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், கார் ஓட்டும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். உனக்கு நீண்ட ஆயுளும், கொஞ்சம் பொறுமையும் கிடைக்கட்டும். கனேலா வாலை ஆட்டுகிறது, உனக்காகத்தான் என்று வைத்துக்கொள்.

எப்போதும் உன் நலம் நாடும்,
அப்பா அதெமார் பெந்தான்கோர்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது மறுபடி மழை பிடித்துக்கொண்டது. நேற்று வாங்கிய மாவை எடுத்தேன், பிசைந்தேன். அடுப்பைப் பற்றவைக்கக் கை வரவில்லை. அரைமணி நேரமாகத் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

சுல்மா அம்மாள் போன சனிக்கிழமையே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வாஷிங்டன் மார்ச்சிலேயே மகனோடு ரிவேராவில் குடியேறிவிட்டான். சொன்னால் அதையும் ஒரு காரணமாகப் பிடித்துக்கொள்வாய் என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை. அன்று யாரும் வரவில்லை ரோசினா. அடுப்பை அணைத்தது, நாயை வெளியே தள்ளியது, மாத்தேத் தூளைக் கொட்டியது எல்லாம் நிஜம். தண்ணீர் ஊற்றப் போனதும் நிஜம், உன் பச்சை மைதான் கண்ணில் பட்டுத் தடுத்தது. மற்றதெல்லாம் அவர்கள் இருந்திருந்தால் அப்படித்தானே பேசியிருப்பார்கள்? எழுத எழுத எனக்கே அவர்கள் வந்துபோன மாதிரி இருந்தது. ஆனால் இன்னொரு தடவை சோப்புப் போடு என்று திட்ட ஆள் இல்லை. ஒரு தடவையோடு விட்டுவிட்டு, துடைப்பத்தை மாட்டக் காலுறையோடு நடந்தேன். வழுக்கியது. பன்னிரண்டரையிலிருந்து கிட்டத்தட்ட நாலு மணி வரை தரையில் கிடந்தேன். கனேலா கதவுக்கு வெளியே அழுதுகொண்டிருந்தது. நீ போன் செய்தது கேட்டது. பதினாலு தடவை அடித்தது, எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எப்படியோ ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்து எழுந்தேன். எலும்பு எதுவும் உடையவில்லை. அந்தக் கொழகொழ மாத்தேயைப் போட்டுக் குடித்தது நான்தான். எழுந்த அவசரத்தில் எந்தப் பை என்று பார்க்கவில்லை. சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பெரிய வண்டியாகக் கொண்டுவா. நாயும் வரும், சட்டியும் வரும். ஆறாவது மாடியில் மழைச் சத்தம் கேட்காவிட்டால் பரவாயில்லை. மழை பெய்யும்போது நீ வந்து என்னிடம் சொல், போதும்.